மலையை வாங்க யாரோ வருகிறார்கள்

என் தம்பியை முகாமில் எல்லோரும் ஜோசியர் என்றுதான் கூப்பிட்டார்கள். கைரேகை பார்க்க மாட்டான், கட்டம் போட மாட்டான். எந்தப் பெரிய தங்கக் கம்பெனி எந்தச் சின்னக் கம்பெனியை வாங்கப் போகிறது என்று சொல்வான். கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். சாப்பாட்டுத் தட்டை வாங்கும்போது ஒன்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவி வைக்கும்போது அதையே திருத்திச் சொல்வான். நான் அந்த முகாமின் சமையல்காரி, அவனுக்கு அக்கா வேறு. மற்றவர்கள் கேட்டதைப் போல இரண்டு மடங்கு கேட்டிருக்கிறேன்.

எங்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. அது தங்கம் எடுக்கும் கம்பெனி இல்லை. தங்கம் இருக்கிறது என்று சொல்லும் கம்பெனி. மலையில் அங்கங்கே துளை போட்டு, உள்ளிருக்கும் பாறையைத் தண்டு தண்டாக வெளியே இழுத்து, இந்த இடத்தில் இவ்வளவு இருக்கிறது என்று காட்டும். சுரங்கம் தோண்ட அதற்கு வக்கில்லை. பெரிய கம்பெனி ஒன்று வந்து மலையோடு சேர்த்து விலைக்கு வாங்கிக்கொண்டால்தான் விமோசனம். அதனால் வெளியூர் வண்டி எது வந்து நின்றாலும், "பொண்ணு பாக்க வந்துட்டாங்க" என்று துளைபோடும் ஆட்கள் கத்துவார்கள். நான் டீக்கு அடுப்பை மூட்டுவேன். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்கிற பாணியில் சிரித்துவிட்டுப் போவார்கள்.

தம்பியின் வேலை அந்தப் பாறைத்தண்டை அறுப்பது. தண்டு மணிக்கட்டுப் பருமன் இருக்கும். வரிசை கலையாமல் தகரத் தட்டுகளில் அடுக்கி வரும். வைரத்தூள் பதித்த வட்ட ரம்பத்தில் வைத்து, தண்ணீர் பீச்சிக்கொண்டே நீளவாக்கில் அதை இரண்டாகப் பிளக்க வேண்டும். ஒரு பாதி பையில் கட்டிப் பரிசோதனைக்குப் போகும். மறு பாதி தட்டிலேயே இருக்கும், யாருக்காவது சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. கொட்டகை முழுக்க அந்தப் பாதித் தண்டுகள்தான், தரையிலிருந்து கூரை வரைக்கும். சாயங்காலம் அவன் வெளியே வரும்போது புருவம் வரை சாம்பல் நிறச் சேறு அப்பியிருக்கும். காதடைப்பான் போட்டே பழகியதால் அதைக் கழற்றிய பிறகும் கத்தித்தான் பேசுவான். பக்கத்தில் இருப்பவனிடம் ரகசியம் என்று அவன் சொன்னதெல்லாம் சமையலறைக்குள் எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

ஜோசியத்துக்கு அவனிடம் ஒரு முறை இருந்தது. வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டான், பூட்ஸைப் பார்ப்பான். புத்தம்புதிதாக இருந்தால் பணம் போடுகிறவர்கள், படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தேய்ந்திருந்தால் கல் தெரிந்தவர்கள், விஷயம் இருக்கிறது. இதெல்லாம்கூடச் சில்லறை ஜோசியம். அவன் வேதவாக்காக நம்பியது வேறு. தட்டில் மிச்சம் இருக்கும் பாதித் தண்டை மறுபடி இரண்டாக அறுத்து, அந்தக் கால்வாசியை எங்களுக்குக் கொடுங்கள் என்று வெளியார் கேட்பார்கள் அல்லவா, அதைத்தான் நம்பினான்.

"சும்மா பாக்க வந்தவன் கால்வாசி கேக்க மாட்டான்க்கா. வாங்கப் போறவன்தான் நம்ம கணக்க நம்பாம தானே சோதிச்சுப் பாப்பான். கால்வாசி கேட்டா நிச்சயம் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம்."

"கேட்கட்டும், அப்ப பாத்துக்கலாம். இப்ப தட்டை எடு, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

பெரிய கம்பெனிகளின் பேர் எதுவும் எங்கள் வாயில் நுழையாது. அவர்கள் போட்டுவரும் தொப்பியை வைத்து மஞ்சள் தொப்பி, நீலத் தொப்பி என்போம். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஏற்கனவே பெரிய சுரங்கம் வைத்திருந்தவர்களுக்கு எதிர்மலைக்காரன் என்று பேர். தம்பி ஒவ்வொருவருடைய சமாசாரத்தையும் விரல்நுனியில் வைத்திருந்தான். "மஞ்சள் தொப்பிக்கு இருக்கற சுரங்கம் எல்லாம் தீந்துகிட்டு வருது, வாங்கித்தான் ஆகணும். நீலத் தொப்பி போன தடவ கண்டதையும் வாங்கி வயித்து வலியில படுத்திருக்கான், இப்ப வர மாட்டான். எதிர்மலைக்காரனுக்கு நாமதான் பக்கத்து வீடு, வேலி தாண்டினா போதும்." போனில் வரும் வீடியோக்களில் கோட்டு போட்ட ஆட்கள் இதையேதான் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் சேற்றோடு பேசினான், வேறு வித்தியாசம் இல்லை. அவர்கள் சொன்னதும் பலிக்கவில்லை, இவன் சொன்னதும் பலிக்கவில்லை.

வெறும் வாய்ச் சவடாலாக இருந்திருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவன் குடும்பமே அந்தச் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

எதிர்மலையின் சரிவில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று உண்டு. வெள்ளை வீடுகள், வரிசையாகத் தெருவிளக்கு, மேல்வகுப்புவரை பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி. அதுவும் ஒரு காலத்தில் எங்களைப் போலத் துளை போட்டுக்கொண்டிருந்த சின்னக் கம்பெனியின் இடம்தான். பெரியவன் வந்து வாங்கினான், சுரங்கம் வந்தது, இருந்த ஆட்களை எல்லாம் நிரந்தரமாக்கினான், வீடு கொடுத்தான். தம்பியின் கண்முன்னால் நடந்தது அது. எங்கள் குடியிருப்போ பள்ளத்தில், ஓடைக்குப் பக்கத்தில், தகரமும் பலகையுமாக இருந்தது. என் அறைக்கும் அவன் அறைக்கும் நடுவே ஒரு பலகைதான். அவன் பெண்டாட்டி துணி துவைத்துக்கொண்டே அந்த வெள்ளை வீடுகளைப் பார்ப்பாள். இவன் அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நமக்கும் வரும்" என்பான்.

வரவில்லை. மகள் வளர்ந்துவிட்டாள். கீழே சாலையோரத்துப் பள்ளியில் அவள் முடித்த வகுப்புக்கு மேல் இல்லை. தம்பி பெண்டாட்டி வாய் அதிகம் பேசாதவள், ஆனால் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். நகரத்தில் சீருடை தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை தேடிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்துப் போய்விட்டாள். சண்டை எல்லாம் இல்லை. "நீங்களும் வாங்க" என்றாள். அவளுடைய அண்ணன் அங்கே சமையல்மேடைக்குக் கல் அறுக்கும் பட்டறையில் மேஸ்திரி. ரம்பத்தில் பழகிய கை என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள். இவனுக்கென்றே தைத்துவைத்த சட்டை மாதிரி ஒரு வேலை.

"இந்த வருஷம் பாத்துட்டு வர்றேன்" என்றான். அந்த வருஷம் போனது. அடுத்ததும் போனது.

"ஏண்டா, அத்தைக்கு மீசை முளைச்சாத்தான் சித்தப்பா. முளைக்கிற வரைக்கும் பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு இங்க உக்காந்திருப்பியா?" என்று திட்டினேன்.

"இப்ப விட்டுட்டுப் போயி, போன மறுநாளே வாங்கிட்டாங்கன்னா? இருக்கறவனுக்குத்தான்க்கா வீடு. போனவனுக்கு யாரு குடுப்பா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. இன்னொன்றும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவன் பிளந்த தண்டில் கண்ணுக்குத் தெரிய ஒரு மஞ்சள் புள்ளி, ஊசிமுனை அளவு. எங்கள் நிலவியல் மேடம் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தாள். அன்றைக்குப் பிடித்த பேய் அவனை விட்டு இறங்கவே இல்லை.

போன மழைக்காலம் முடிந்ததும் மேஸ்திரி மச்சானிடமிருந்து போன் வந்தது. பட்டறையில் ஒரு ஆள் நின்றுவிட்டான், முதலாளி உடனே ஆள் கேட்கிறார். "மாப்ள, இதுதான் கடைசி. இனிமே நான் உங்களுக்காக அவர்கிட்ட வாய் திறக்க முடியாது. ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். தம்பி அசைந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டினான். இரண்டு சட்டை மடித்துக்கூட வைத்தான்.

அந்த வாரமே எதிர்மலைக்காரர்கள் வந்தார்கள். தேய்ந்த பூட்ஸ். டீ குடிக்கவில்லை, நேரே கொட்டகைக்குள் போனார்கள். அவர்கள் போன பிறகு நிலவியல் மேடம் வந்து தம்பியிடம் சொன்னாள்: கால்வாசி அறுக்க வேண்டும். ஒன்றிரண்டு துளை அல்ல, பள்ளத்தில் போட்ட துளைகள் அத்தனையும்.

அவன் ரம்பத்தைக்கூட நிறுத்தாமல் சமையலறைக்கு ஓடி வந்தான். "அக்கா! கேட்டுட்டாங்க!"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். ஆனாலும் ஒன்று உறுத்தியது. "பள்ளத்துக் கல்லாடா? அதுல ஒண்ணுமே இல்ல, வெறுங்கல்லுன்னு நீதானே சொன்னே?"

"அதான்க்கா விஷயமே! தங்கம் இருக்கற சரிவ எவன் வேணா பாப்பான். வெறுங்கல்லக் கேக்கறான்னா அவன் ஏதோ மோப்பம் புடிச்சிருக்கான். நாம போட்ட துளை ஆழம் பத்தல. அடியில இருக்கு. இது பெரிய கைக்கா, சாதாரணமா வாங்க வரல."

கேட்டபோது எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஒன்றும் இல்லாத கல்லை யாராவது வேலை மெனக்கெட்டுச் சோதிப்பார்களா? மேடத்திடம் கேட்கலாமே என்றேன். அவளிடம் சொல்லி அனுப்பியவர்களும் காரணம் சொல்லவில்லையாம். அன்று மத்தியானம் அவன் மச்சானுக்குப் போன் போட்டான். "வேண்டாம் மச்சான், வேற ஆளப் போட்டுக்கச் சொல்லுங்க. இங்க நிச்சயம் ஆயிடுச்சு" என்றான். அந்தப் பக்கம் மச்சான் போனை வைத்துவிட்டார். மடித்து வைத்த இரண்டு சட்டையையும் தம்பி எடுத்து ஆணியில் மாட்டினான்.

அவன் அந்த வெறுங்கல்லை அறுத்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாதாரணமாகவே நேர்கோடு தப்பாது. இதை அவன் குழந்தைக்கு நகம் வெட்டுவது போல வெட்டினான். ஒரு சில்லு தெறிக்கவில்லை.

ஜோசியம் பலித்தது. ஆமாம், பலித்தே விட்டது. ஒருநாள் காலை மேலாளர் எல்லோரையும் சமையலறை முன்னால் கூட்டி, எதிர்மலைக் கம்பெனி நம் கம்பெனியை வாங்கிவிட்டது என்று அறிவித்தார். கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர் அவர், முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஜோசியரே, சொன்ன மாதிரியே ஆயிடுச்சே!" துளைபோடும் ஆட்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்தார்கள். இத்தனை வருஷமாகக் கேலி செய்தவர்கள் அவர்கள்தான். நான் அழுதேன். இருந்த சர்க்கரை அத்தனையையும் டீயில் கொட்டினேன்.

அவன் மனைவிக்குப் போன் போட்டுக் கத்தினான். "வாங்கிட்டாங்க! வீடு குடுப்பாங்க! பள்ளிக்கூடம் எதிர்ல!" அவள் நம்பாமல் என்னிடம் கொடுக்கச் சொன்னாள். அதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா, எனக்குத் தனி ரூம் இருக்குமா?" என்று அவள் கேட்டது அடுப்படிவரை கேட்டது. "இருக்கும்டா கண்ணு, ஜன்னலோட இருக்கும்" என்றான்.

அடுத்த வாரம் எதிர்மலையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். நல்ல மாதிரியான மனிதர், எல்லோரையும் உட்காரச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிக்க இடம் வேண்டும் என்று நானே டம்ளர்களை ஒதுக்கிக் கொடுத்தேன். மலைச் சரிவு வெள்ளையாக விடப்பட்டிருந்தது. பள்ளம் முழுவதும் சாம்பல் நிறம் பூசியிருந்தது. எங்கள் குடியிருப்பு, கொட்டகை, சமையலறை, ஓடை, எல்லாம் அந்தச் சாம்பலுக்குள்.

"இது என்ன சார் கலர்?" என்று தம்பிதான் கேட்டான். அவன் கண்ணில் அப்போதும் ஆசை இருந்தது.

"எங்க சுரங்கத்துல தோண்டற கழிவுப் பாறையக் கொட்ட எடம் பத்தல. அதுக்குத்தான் இந்தப் பள்ளம்" என்றார் அவர். "தங்கம் இருக்கற எடத்து மேல கொட்டிட்டா நாளைக்கு அள்ள முடியாது. அதனால அடியில ஒண்ணும் இல்லைனு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் வாங்குவோம். உங்க கல்லு எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு. அறுவை அவ்வளவு சுத்தம். பாத்துட்டோம், ஒண்ணுமே இல்ல."

"அப்ப, மேல சரிவுல இருக்கற தங்கம்?" என்று தம்பி கேட்டான்.

"அது கொஞ்சம்தானே. எங்ககிட்ட இருக்கறதே ரொம்ப வருஷத்துக்குக் காணும். பின்னாடி தேவைப்பட்டா பாக்கலாம்."

அவ்வளவுதான். எங்களை வாங்கினார்கள், எங்கள் தங்கத்துக்காக இல்லை, எங்கள் குழிக்காக. இலவு காத்த கிளி என்பார்கள். அந்தக் கிளிக்குப் பஞ்சாவது கிடைத்தது. துளை போட இனி வேலை இல்லை, அறுக்கவும் இல்லை. அவர்களுக்குச் சொந்தச் சமையலறை இருக்கிறது, நானும் வேண்டாம். லாரிப் பாதை போட வண்டிகள் வரும் வரை குடியிருப்பில் இருந்துகொள்ளலாம் என்றார்கள். மேலாளர் நகரத்தில் வீடு பார்க்கப் போய்விட்டார்.

மச்சானிடம் மறுபடி கேட்கச் சொன்னேன். மாட்டேன் என்றான். நானே போன் செய்தேன். பட்டறையில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று, இனி இடம் இல்லை என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை. தம்பியிடம் வந்து, "அவகிட்ட சொல்லிட்டியாடா?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னே?"

"கொஞ்சம் பொறுத்து வான்னு சொல்லியிருக்கேன்."

அடப் பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன். நானாவது சொல்லலாம் என்று போனை எடுத்தால் அவள் எடுக்கவில்லை. அப்போது அவள் பஸ்ஸில் இருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் சாலை முனையில் இறங்கி நடந்தே வந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிவிட்டதாம், பொறுக்க நேரம் இல்லையாம். அவள் வேலையை விட்டுவிட்டாள். அறையைக் காலி செய்துவிட்டாள். பெட்டி, படுக்கை, பாத்திர மூட்டை. தையல் மெஷினைப் போர்வையில் சுற்றி, ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் மகளுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மகள் புதுச் சீருடைத் துணிகூட வாங்கியிருந்தாள், எதிர்மலைப் பள்ளியின் நிறத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு. "அப்பா, நம்ம வீடு எது? கீழ்வரிசையா, மேல்வரிசையா?" என்று கையை எதிர்மலைப் பக்கம் நீட்டினாள்.

வாசலில் மூட்டையை இறக்க வைத்து எல்லாவற்றையும் சொன்னான். மறைக்கவில்லை, அதற்காக மட்டும் அவனைப் பாராட்டலாம். பள்ளம், கழிவு, சாம்பல் நிறம், ஒண்ணுமே இல்ல என்று பொறியாளர் சொன்னது. அவள் மெஷின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கேட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அவன் குரல் ஏறியது, காதடைப்பான் போட்டவன் மாதிரி. "ஆனா இப்ப ஒரு சேதி அடிபடுது. எதிர்மலைக்காரனையே மஞ்சள் தொப்பி மொத்தமா வாங்கப் போறானாம். அவன் சுரங்கம் எல்லாம் தீந்துகிட்டு வருதுல்ல? அவன் வந்தா சரிவுத் தங்கத்த விட மாட்டான். அப்ப கல் அறுக்க ஆள் வேணும். இங்க எல்லாத் தட்டும் எங்க இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்?"

மகளைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறான் என்று நினைத்து நிமிர்ந்தேன். பொய் சொல்கிறவன் முகமாக அது இல்லை. மஞ்சள் புள்ளியைப் பார்த்த அன்று இருந்த அதே முகம். பெற்ற தாயாக இருந்தால் அடித்திருப்பேன், அக்காவாகப் போய்விட்டேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, திரும்பிப் போற பஸ் இன்னும் இருக்கா?"

"கடைசி வண்டி இருக்கு. சாலை முனையில நிக்கும்." வேறென்ன சொல்ல? இரு என்று சொல்ல எனக்கே இருக்க இடம் இல்லை.

"அப்பாவும் வர்றாரா?" என்று மகள் கேட்டாள்.

"நீங்க போங்கம்மா" என்றான் அவன். "நான் இருந்து பாத்துட்டு வர்றேன். இந்த நேரத்துல போய் எடத்த விட்டு நகரக் கூடாது."

அவள் பாத்திர மூட்டையை என்னிடம் கொடுத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். மெஷினின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள். மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சரிவைக் காட்டி இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். பிறகு மகளும் குனிந்து மறுபக்கத்தைத் தூக்கினாள்.